அத்தான் கொண்டுவந்த மெத்தைப் பூ

வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் ஆம்பிளைகள் ரேடியோ கொண்டுவருவார்கள், நைலெக்ஸ் சேலை கொண்டுவருவார்கள், வாசனைச் சவர்க்காரம் கொண்டுவருவார்கள். என்னுடைய அக்காவின் புருசன் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் ஒரு பிடி பாசி கொண்டுவந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதத்தில், நெடுந்தீவு இறங்குதுறையில் அவரைக் கூட்டிவரப் போனவள் நான்தான். குறிகட்டுவானிலிருந்து வந்த வள்ளத்தில் எல்லோரும் வெயிலில் வெந்துகொண்டிருக்க, அத்தான் குடையை விரித்து மடியிலிருந்த தகரத்துக்குப் பிடித்துக்கொண்டு தான் வெயிலில் காய்ந்து வந்தார். சூட்கேசை வள்ளத்தின் முன்பக்கத்தில் விட்டிருந்தார். கடல் அன்றைக்குக் கொஞ்சம் குழம்பியிருந்தது. அக்காவுக்கு வாங்கிவந்த சேலை முழுவதும் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிற்று. தகரத்தில் ஒரு துளி படவில்லை.

"அத்தான், பெட்டியெல்லாம் நனைஞ்சு போச்சு" என்றேன்.

"அது காயும் பிள்ளை. இதை முதல் நிழலிலை வைப்பம். சைக்கிளிலை குலுக்காமல் போவீரோ?"

வந்த மனிசன் அக்கா சுகமா என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

அத்தான் பல வருசம் கப்பலில் குசினி வேலை பார்த்தவர். பிறகு கப்பலை விட்டுவிட்டு நோர்வேயில் ஒரு மலையின் மேலிருந்த விடுதியில் சமையலுக்கு நின்றார். கோடை காலத்தில் அந்த விடுதிக்குச் செடிகொடி ஆராய்ச்சி செய்கிறவர்கள் வந்து தங்குவார்களாம். பகல் முழுக்க மலையில் முழங்காலில் நின்று நிலத்தைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் வந்து இவர் வைக்கிற சூப்பைக் குடிப்பார்களாம். கலியாணமான காலத்தில் பெரும்பகுதி அவர் ஊரில் இல்லை. பிள்ளைகளும் இல்லை. அப்பு விட்டுப்போன வீட்டில் அக்காவும் நானும் இருந்தோம். நான் தீவு ஆஸ்பத்திரியில் மருத்துவமாதுவாக வேலை பார்த்தேன்.

அத்தானைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் கதை அளப்பார். திமிங்கிலம் கப்பலோடு கூடவே நாட்கணக்கில் நீந்திவந்து, தான் போட்ட பாண் துண்டுகளைச் சாப்பிட்டதென்று இறங்குதுறைத் தேத்தண்ணிக் கடையில் இருந்து சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அக்காவுக்குத்தான் வெட்கம். "அந்தாள் வாயைத் திறந்தால் நான் கோயிலுக்குப் போக ஏலாமல் கிடக்கு" என்பாள்.

முந்தின லீவில் வந்தபோது அவர் இந்தப் பூவின் கதையைச் சொல்லியிருந்தார். மரமே முளைக்காத உயரத்தில், ஆளைத் தூக்கி எறியும் காற்றில், வருசத்தில் முக்கால்வாசி நாள் பனிக்குக் கீழே கிடக்கும் ஒரு செடி உண்டென்றும், அது ஒரு விரல் உயரந்தான் இருக்குமென்றும், தலையணை போல உருண்டு திரண்டு வளர்ந்து, பனி உருகினதும் பச்சை தெரியாமல் ரோசாப்பூ நிறத்தில் பூக்குமென்றும், அதில் சிலது எங்கள் மாதா கோயிலை விட வயது கூடினது என்றும் சொன்னார். வள்ளத்து என்ஜின்காரர், "தலையணை மட்டுந்தானோ, பாயும் முளைக்குமோ?" என்று கேட்டார். கடை முழுக்கச் சிரித்தது. அந்த முறை அத்தான் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரிப் போயிற்றாம். அதற்குப் பிறகு ஊரில் அவருக்கு மெத்தைக்காரர் என்று பெயர்.

ஆகவேதான் தகரம். இந்த முறை சாட்சியோடு வந்திருந்தார்.

குசினி மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். அக்காவும் நானும் எட்டிப் பார்த்தோம். கவிழ்த்து வைத்த சிறட்டை அளவில், கடும்பச்சையில் ஒரு கும்பி. அவ்வளவுதான். பூ இல்லை. கேணிப் படியில் காலை வழுக்கிவிடுமே, அந்தப் பாசியை உருட்டி வைத்தது போல இருந்தது.

"உதுக்கோ குடை பிடிச்சனீங்கள்?" என்றாள் அக்கா. வள்ளத்துக் கதையை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"தொட்டுப் பாரும்."

அக்கா தொடவில்லை. நான் தொட்டேன். பாசி போல வழுவழுப்பாக இருக்கவில்லை. கெட்டியாக இருந்தது. ஊசி போன்ற சின்னச் சின்ன இலைகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு, விரல் நுழைய இடம் விடாமல் நின்றன. மலையில் புதிதாக ரோட்டு வெட்டினபோது ஒரு பாறையோடு புரண்டு வெளியே வந்து கிடந்ததாம். இவர் வேரோடு எடுத்துவந்து விடுதிக்குப் பின்னால் வைத்துப் பிழைக்கப் பண்ணியிருக்கிறார். வேர் தன்னுடைய கை நீளம் என்றும், அதைச் சுருட்டித்தான் தகரத்துக்குள் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

"இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு வேரோ?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்று பின்னேரம் வரை விளக்கம் நடந்தது.

அந்த மலையில் தண்ணீரும் சத்தும் மேலே இல்லை, கல்லுக்கிடையில் ஆழத்தில்தான் உண்டு, அதனால் வேர் கீழே போகிறது. மேலே போனால் காற்று முறித்துவிடும், அதனால் உயரம் போவதில்லை. எல்லாக் கொப்பும் ஒரே அளவாக நின்று காற்றை மேலால் வழுக்கி அனுப்பிவிடும். காய்ந்த இலை கீழே விழாது. உள்ளேயே நின்று உக்கி, அதுவே பசளையாகும், ஈரத்தையும் பஞ்சு போலப் பிடித்துவைக்கும். வெயில் கொஞ்சம் எறித்தாலும் போதும், அந்தச் சூட்டை உள்ளே அடைத்துவைத்துக்கொள்ளும். வெளியே கை விறைக்கிற குளிரில் உள்ளே விரலை விட்டால் கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரிச் சூடாக இருக்குமாம். அந்தச் சூட்டைத் தேடிப் பூச்சிகள் வந்து உள்ளே இருக்குமாம். பனி மூடினால் அதுவும் போர்வைதானாம். பூக்கும்போது தெற்குப் பக்கந்தான் முதலில் பூக்கும், வெயில் அங்கேதான் கூடுதல், திசை தெரியாமல் மாட்டுப்பட்டவர்கள் அதைப் பார்த்துத் திசை பிடிப்பார்களாம்.

"எல்லாம் சரி. அது குளிரிலை இருக்கிற சாமான். இஞ்சை என்னெண்டு இருக்கும்?" என்றாள் அக்கா.

"அதுதான் யோசிக்கிறன்" என்று சொல்லிவிட்டு அத்தான் என் பக்கம் திரும்பினார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மண்ணெண்ணெயில் ஓடுகிற குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. தீவு முழுவதிலும் குளிர் என்ற சாமான் இருந்தது அந்த ஒரு பெட்டிக்குள்தான். அதற்குள் பிள்ளைகளின் தடுப்பூசி மருந்து இருந்தது. திரியை ஒழுங்காக வெட்டி, எண்ணெய் பார்த்து, அதைக் காப்பாற்றுவதே எனக்குப் பெரிய வேலை.

"ஒரு மூலை தந்தால் காணும் பிள்ளை."

"ஏலாது அத்தான்."

"பகலிலை மட்டும்."

"ஏலாது."

"டொக்டரை ஒருக்கால் கேட்டுப்பாருமன்."

"நான் கேக்கமாட்டன். நீங்களும் கேக்கக் கூடாது. பிள்ளையளின்ரை மருந்துக்குப் பக்கத்திலை மண்ணுத் தகரத்தை வைக்கிறதோ?"

இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்லுவேன். ஆனால் அத்தான் கிழமைக்கணக்கில் கேட்டார். சாப்பிடும்போது கேட்டார். நான் பிரசவம் பார்த்துவிட்டுக் களைத்து வந்து சைக்கிளை நிற்பாட்டும்போது கேட்டார். பிரசவம் நல்லபடி முடிந்ததா என்று கேட்கவில்லை, பெட்டியில் இடம் இருந்ததா என்று கேட்டார்.

குளிர்ப்பெட்டி இல்லையென்றதும் யாழ்ப்பாணத்திலிருந்து மீன் வாடிக்கு வருகிற ஐஸைக் கெஞ்சி வாங்கினார். மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றி, தோளில் சுமந்து வருவதற்குள் பாதி கரைந்து சேட்டெல்லாம் மீன் நாற்றம். பிறகு அடுத்த யோசனை வந்தது. ஒருநாள் நான் வேலையால் வந்தபோது அக்கா கிணற்றடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எட்டிப் பார்."

எட்டிப் பார்த்தேன். எங்கள் குடிதண்ணீர்க் கிணற்றுக்குள், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, பிஸ்கற் தகரம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"காலமை வாளி விடேக்கை உதிலை தட்டுப்பட்டுப் போச்சு. மண் முழுக்கத் தண்ணிக்குள்ளை. நான் குடிக்கிறதோ, அது குடிக்கிறதோ?"

நெடுந்தீவில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறு கிடைப்பது எவ்வளவு அருமை என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தாரும் எங்கள் கிணற்றில்தான் அள்ளினார்கள். ஒவ்வொருவரும் எட்டிப் பார்த்து, "உதென்ன தொங்குது?" என்று கேட்டார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னாள். கடைசியில் "வெண்ணெய்" என்று சொல்லிவிட்டாள். அப்போது வெண்ணெய் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் அத்தான் பொறுக்கமாட்டாமல் தகரத்தைத் தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோனார். பூக்கும் வரைக்குமாவது பொறுங்கோ என்று நான் சொன்னேன், கேட்கவில்லை. கூடவே போகச் சொல்லி அக்கா என்னை அனுப்பினாள். "அந்தாளை ஆராவது அடிச்சாலும் மருந்து கட்ட நீ நிக்கோணும்" என்றாள்.

யாரும் அடிக்கவில்லை. என்ஜின்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார்.

"இதோ?"

"ஓம். இதுதான்."

"பூ எங்கை?"

"பூக்கும். இதுக்குக் குளிர் வேணும்."

"எனக்கும் வேணும்" என்று என்ஜின்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தகரத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறிக் கை மாறிப் போய்த் திரும்பி வந்தது. "எங்கடை கேணியிலை அள்ளினதெண்டு சத்தியமாய்ச் சொல்லுவன்" என்றார் ஒருவர். திமிங்கிலம் சாப்பிட்ட மிச்சமோ என்று கேட்டார் இன்னொருவர். அத்தான் தகரத்தை வாங்கி மூடி, தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிட்டார்.

வரும் வழியில் கல்வேலி ஓரமாக நடந்தபடி சொன்னார்: "திமிங்கிலக் கதை புளுகுதான் பிள்ளை. அது அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது உண்மையெல்லே. உண்மையைச் சொன்னாலும் அப்பிடித்தான் சிரிக்கிறாங்கள்."

எனக்கு அவர்மேல் அப்போது இரக்கம் வந்தது என்று எழுதினால் அழகாயிருக்கும். எனக்குக் கால் சுட்டது. சும்மா புளுகாமல் இருந்திருந்தால் இந்த வில்லங்கமே இல்லையே என்றுதான் நினைத்தேன். அதை அவரிடம் சொல்லியும் விட்டேன்.

வைகாசி பிறக்குமுன்பே செடி ஒரு பக்கம் மங்கத் தொடங்கியது. அத்தான் என் தேமாமீற்றரைக் கேட்டார்.

"என்னத்துக்கு?"

"அங்கை ஆராய்ச்சிக்காரர் செடிக்குள்ளை விட்டுப் பாக்கிறவை. நானும் பாக்கோணும்."

ஆஸ்பத்திரித் தேமாமீற்றரைத் தரமாட்டேன் என்றேன். வீட்டில் எனக்குச் சொந்தமாகப் பழையது ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தாலாவது மனிசன் என்னை விடுவார் என்று நினைத்து, நானே கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். காலை வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. செடிக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்ட அத்தான் தகரத்தைக் கிணற்றிலிருந்து எடுத்து வைத்திருந்தார். சோளகக் காற்று வீசியது. முதலில் தேமாமீற்றரைக் காற்றில் என் நிழலுக்குள் பிடித்தேன். ரசம் அசையவில்லை. பிறகு வெயிலில் இருந்த செடியின் நடுவில் மெதுவாகச் செருகினேன். அக்கா ஈர்க்குமாறோடு வந்து நின்று பார்த்தாள்.

ரசம் ஏறியது. காய்ச்சல்காரர் வாயில் ஏறுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், இப்படி ஏறிக் கண்டதில்லை. வெடித்துவிடும் என்று பயந்து உச்சியைத் தொட முன்னம் இழுத்துவிட்டேன். விரலை வைத்துப் பார்த்தேன். சுட்டது. ஒரு முழத்துக்கு அப்பால் காற்று என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றுக்கு உள்ளே போக ஒரு இடமும் இல்லை.

"அக்கா, இவர் சொன்னது சரி. இது சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கு."

"பிடிச்சு வைச்சால் நல்லதுதானே?"

"அங்கை நல்லது. இஞ்சை ஆருக்கு அக்கா சூடு வேணும்? உள்ளுக்குக் கிடந்து அவியுது."

அத்தான் தகரத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். அக்கா தடுக்கவில்லை. அன்றைக்கு மட்டும் வாளியை அவளே பார்த்துப் பார்த்து விட்டாள்.

ஆனாலும் செடி போய்விட்டது. பச்சை மண்ணிறமாகி, மண்ணிறம் கறுத்தது. எறியலாம் என்றால் அத்தான் விடவில்லை. ஒரு காலை என்னை நித்திரையால் எழுப்பினார். "பிள்ளை, வாரும் வாரும். தளிர் விட்டிருக்கு!" ஓடிப்போய்ப் பார்த்தேன். கறுத்த கும்பியின் நடுவில் உண்மையாகவே இரண்டு பச்சை இலை நின்றது. மனிசனின் கண் கலங்கியிருந்தது. கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. தளிர் வளர்ந்தது. வளர வளர அக்காவின் முகம் மாறியது. கடைசியில் ஒருநாள் அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, உது குப்பைமேனி."

வேலியோரத்துக் குப்பைமேனியின் விதை எப்படியோ விழுந்து, அந்தச் செத்த இலைகளுக்குள் இருந்த ஈரத்தில் முளைத்திருந்தது. வெளியே முற்றம் வெடித்துக் கிடந்தது. வேறு எங்கும் அந்த மாதத்தில் ஒரு பூண்டு முளைக்கவில்லை.

"அங்கையும் இப்பிடித்தான்" என்றார் அத்தான், மெல்லிய குரலில். "தனியத் தப்ப ஏலாத செடியெல்லாம் இதுக்குள்ளை வந்து முளைக்கும். இது விடும்."

அக்கா குசினிக்குள் போய்க் கத்தியை எடுத்துவந்தாள். தகரத்தைக் கவிழ்த்து, கும்பியை நடுவால் வெட்டினாள். உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாக, படைபடையாக, பழைய இலை. மேலே ஒரு நூல் தடிப்புத்தான் இந்த வருசத்து இலை. அதற்குக் கீழே போன வருசத்தது, அதற்குக் கீழே அதற்கு முந்தினது. அடியில் இருந்ததைப் பிழிந்தால் இன்னும் கை நனைந்தது. வேர் தகரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, போக இடமில்லாமல் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. அக்கா அதைப் பிரித்து நிலத்தில் நீட்டினாள். அத்தானின் கையை விட நீளம்.

"இது எத்தினை வயது?" என்று கேட்டாள்.

"என்னிலும் கூடவாய் இருக்கும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். நான் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் கத்தத் தொடங்கினாள்.

"அவ்வளவு காலம் அங்கை உயிரோடை இருந்ததை இஞ்சை கொண்டுவந்து ரண்டு மாசத்திலை சாக்காட்டிப் போட்டியள். ஆருக்குக் காட்ட? வள்ளத்து என்ஜின்காரனுக்கோ? அவன் நம்பினால் என்ன, நம்பாட்டில் என்ன? நான் நம்பினனானோ எண்டு ஒருக்கால் கேட்டனீங்களோ?"

அத்தான் திகைத்துப்போனார். "நீர் நம்பினனீரோ?"

"இல்லை! எப்பிடி நம்புறது? வருசத்திலை ரண்டு மூண்டு மாசம் வாறியள். வந்து கடைக்காரருக்குக் கதை சொல்லுறியள். எனக்கு அங்கை உங்கடை கட்டில் எந்தப் பக்கம் கிடக்குது எண்டும் தெரியாது. காலமை எழும்பி என்ன குடிக்கிறியள், ஆரோடை கதைக்கிறியள், ஒண்டும் தெரியாது. இந்தப் பாசியைப் பற்றித் தெரியும். இதுக்கு எந்தப் பக்கம் பூக்கும் எண்டு தெரியும்!"

பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நான் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னேன். எனக்கும் உள்ளே போகவேண்டும் போல இருந்தது, ஆனால் இருவருக்கும் நடுவில் மாட்டுப்பட்டுப் போனேன்.

அத்தான் கவிழ்ந்து கிடந்த தகரத்தை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "சன்னலுக்குப் பக்கத்திலை" என்றார்.

"என்ன?"

"கட்டில். சன்னலுக்குப் பக்கத்திலை. கோப்பிதான் குடிக்கிறனான். கதைக்க ஒருத்தரும் இல்லை. ஆராய்ச்சிக்காரர் கோடையிலைதான் வருவினம். மிச்ச நாள் நானும் விடுதிக்காரக் கிழவனும். அவன் பேசமாட்டான். அதுதான் இதைப் பாத்துக்கொண்டு இருக்கிறனான்."

அக்கா ஈர்க்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். ஏற்கெனவே கூட்டின முற்றம். கூட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த முறை நானும் வாறன்."

"குளிர் தாங்கமாட்டீர்."

"தாங்குறனோ இல்லையோ எண்டு நான் போய்ப் பாக்கிறன்."

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி என்று நினைக்கிறவர்கள் என் அக்காவை அறியாதவர்கள். அத்தான் போய்க் கடுதாசி வேலையெல்லாம் முடித்து அவளைக் கூப்பிட நெடுங்காலம் எடுத்தது. அந்தக் காலம் முழுவதும் அவள் குளிருக்குப் பழகினாள். விடியக் கிணற்றடியில் நின்று வாளி வாளியாகத் தனக்கும் எனக்கும் ஊற்றி எனக்குச் சளி பிடிக்க வைத்தாள். யாழ்ப்பாணத்தில் கம்பளிச் சட்டை தேடி என்னைக் கடை கடையாக அலைய வைத்தாள். அந்த வெயிலில் கம்பளி கேட்கிற என்னைக் கடைக்காரர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் நுவரெலியாவில் வேலை பார்த்து மாறிவந்த ஒரு ரீச்சரிடம் இரவல் வாங்கினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவளை இறங்குதுறைக்குக் கூட்டிப்போனேன். வள்ளம் நிரம்பியிருந்தது. கம்பளிச் சட்டையை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பெட்டியில் வைத்தால் நனைந்துவிடுமாம். வேர்த்து ஒழுகியது.

"கழட்டு அக்கா, மயங்கி விழப்போறாய்."

"நீ பேசாமல் இரு. ஆட்டுக்கு நேரத்துக்குத் தண்ணி வை. பின்வளவுத் தென்னோலையை வேலிக்குப் பின்னுவி. பூனையைக் குசினிக்குள்ளை விடாதை."

"சரி."

"சரி எண்டு சொல்லுவாய், விடுவாய்."

வள்ளம் இரைந்துகொண்டு புறப்பட்டது. அவள் திரும்பிப் பார்த்துக் கை காட்டுவாள் என்று நின்றேன். அவள் என்ஜின்காரரோடு எதற்கோ வாய்த்தர்க்கப்படத் தொடங்கியிருந்தாள். என்ன சொன்னாள் என்று என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கை மட்டும் மேலே போய்க் கீழே வந்து, கவிழ்த்த சிறட்டை அளவில் எதையோ வட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அன்றைக்குக் கிளினிக் இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.